ஃபோர்க்லிஃப்ட் விபத்து: டிரைவரைத் திட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

குடோனில் சரக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியால் ஒரு விபத்து நடந்தால் எல்லோரும் முதலில் தேடுவது டிரைவரைத்தான். ஹாரன் அடித்தானா, வேகமாக வந்தானா, போனைப் பார்த்துக்கொண்டிருந்தானா என்று கேள்வி எல்லாம் அவனைப் பார்த்தே போகும், சாயங்காலத்துக்குள் அறிக்கையில் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று ஒரு வரி ஏறும், மறுநாள் அதே முக்கில் வேறொருவர் அதே வண்டியைத் திருப்பிக்கொண்டிருப்பார். நான் முதலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினவன், அப்புறம் பல வருடங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர். இந்த விசாரணைகளில் பதில் சொல்கிறவனாகவும் உட்கார்ந்திருக்கிறேன், கேள்வி கேட்கிறவனாகவும் உட்கார்ந்திருக்கிறேன். டிரைவர் ஒரு நொடி கவனிக்காமல் விட்டார் என்பது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்த ஒரு நொடி தவறினால் ஒருவர் கால் போய்விடும் என்கிற நிலைமையை அவர் உருவாக்கவில்லை. நடைவழியை வரைந்தவர், லாரிகளுக்கு நேரம் கொடுத்தவர், காலி பேலட்டை (சரக்கு அடுக்கும் பலகையை) எங்கே வைப்பது என்று முடிவு செய்யாமல் விட்டவர் என்று பலபேர் சேர்ந்து உருவாக்கி வைத்த நிலைமை அது.

வண்டியைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் பக்கத்திலேயே தினமும் வேலை செய்கிறவர்களுக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. 2.5 டன் தூக்கும் சாதாரண ஃபோர்க்லிஃப்ட், ஃபோர்க்கில், அதாவது முன்னால் நீட்டியிருக்கும் இரும்புக் கரங்களில், ஒன்றுமே இல்லாதபோதும் ஏறக்குறைய 4 டன் எடை இருக்கும். பார்க்க ஒரு காரைவிடச் சின்னதாக இருக்கிறதே என்று மனசு அதைக் குறைத்து எடை போடும். பின்னால் இருக்கும் அந்தக் கனத்த இரும்புதான் முன்னால் தூக்கும் பாரத்துக்கு ஈடு கொடுக்கிறது, சீசாப் பலகை மாதிரி, நடுவில் முன்சக்கரம். இன்னொரு முக்கியமான விஷயம், காரில் முன்சக்கரம் திரும்பும், இதில் பின்சக்கரம் திரும்பும். அதனால் டிரைவர் இடது பக்கம் வளைத்தால் வண்டியின் பின்பகுதி சட்டென்று வலது பக்கம் வீசும். வண்டி தன்னைவிட்டு விலகிப் போகிறது என்று நினைத்து ஓரமாக நிற்கிறவர் மேல்தான் அந்தப் பின்பகுதி வந்து இடிக்கும்.

வேகமும் அப்படித்தான் ஏமாற்றும். மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது சைக்கிள் வேகம்கூட இல்லை என்று தோன்றும். ஆனால் அது நொடிக்கு 2.8 மீட்டர். டிரைவர் ஆளைப் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகிறது என்றால், பிரேக் வேலையே தொடங்காமல் வண்டி கிட்டத்தட்ட மூன்று மீட்டர் ஓடியிருக்கும். அதற்குப் பிறகு நிற்க வேண்டிய தூரம் தனி. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். ஃபோர்க்கில் பாரம் இருந்தால் டிரைவரால் பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் முடியாது, மிதித்தால் சரக்கு முன்னால் சரியும் அல்லது வண்டியே மூக்கைக் குத்தும். அதனால்தான் "ஆள் வந்தா பிரேக் போட வேண்டியதுதானே" என்கிற பேச்சு எனக்கு எரிச்சலூட்டும்.

என் மனதைவிட்டுப் போகாத ஒரு விபத்து, ரேக் (சரக்கு வைக்கும் உயரமான இரும்பு அடுக்கு) வரிசையின் முனையில் நடந்தது. பிக்கிங் வேலை, அதாவது ரேக்கில் இருந்து வேண்டிய சரக்கை எடுக்கும் வேலை செய்யும் ஒரு பையன், எதிரே லோடோடு வண்டி வருவதைப் பார்த்து ஒதுங்கி நின்றான். டிரைவர் வரிசைக்குள் திருப்பினார், பின்பகுதி வீசியது, பின்சக்கரம் அவன் பூட்ஸ் மேல் ஏறி இறங்கியது. பூட்ஸ் நல்ல பூட்ஸ்தான், இரும்பு மூக்கு வைத்தது. அந்த இரும்பு விரல்களை மட்டும்தான் மூடுகிறது, சக்கரம் ஏறினது பாதத்தின் மேல்பக்கம்.

டிரைவர் என்னிடம், "முன்னாடி பார்த்துத்தான் சார் திருப்பினேன், பின்னாடி அவன் நிக்கிறது தெரியலை" என்றார். அது பொய் இல்லை. லோடு உயரமாக இருந்தது, அவர் கண் வரிசையின் வாயிலில் இருந்தது. பையனைப் பார்க்கப் போனபோது, அவன் வலியோடு வலியாக, முதலில் தன் மேல் தப்பில்லை என்று சொல்லத்தான் துடித்தான். "நான் நடைக்கோட்டுலதாண்ணே வந்தேன். கோட்டு மேல பேலட் அடுக்கி வச்சிருந்தாங்க. சுத்தித்தான் போக வேண்டியிருந்துச்சு, அதான் அதுக்குப் பக்கத்துல நின்னேன்."

போய்ப் பார்த்தேன். மஞ்சள் கோடு போட்ட நடைவழியின் மேல் காலி பேலட் ஆள் உயரத்துக்கு நின்றது. ஏன் அங்கே? ஏனென்றால் காலி பேலட்டுக்கு என்று அந்த குடோனில் இடமே கிடையாது. எடுத்துப் போகிற லாரி வாரத்துக்கு ஒருமுறைதான் வரும், வார நடுவிலேயே மூலைகள் நிரம்பிவிடும், அப்புறம் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே. எல்லோரும் அதைத் தினமும் சுற்றிப்போய்ப் பழகிவிட்டோம். அந்த அடுக்கு நின்ற இடத்துக்கும் பையன் ஒதுங்கி நின்ற இடத்துக்கும் நடுவில் இரண்டடிகூட இல்லை. காலி பேலட் எடுக்கும் லாரியை இன்னும் அடிக்கடி வரச்சொல்லி, ரேக் முனையில் இரும்புத் தடுப்பு போட்டு, நடைவழியைத் தடுப்புக்கு உள்பக்கம் கொண்டுபோன பிறகு அந்த முனையில் யாரும் அடிபடவில்லை. டிரைவருக்கு மெமோ கொடுத்ததால் இது நடக்கவில்லை.

தரையில் வரைந்த கோடு யாரையும் தடுக்காது. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. கோடு போடுவது மலிவு, ஒரு இரவில் முடிந்துவிடும், தணிக்கைக்கு வருகிறவருக்குக் காட்டவும் நன்றாக இருக்கும். வண்டி மோதினால் தாங்கும் தடுப்பு, ஆட்களுக்குத் தனிக் கதவு, வண்டிப் பாதையைக் கடக்கும் இடத்தில் நம் பக்கமாக இழுத்துத் திறக்கும் சின்ன கேட் (தள்ளித் திறக்கிற கேட் வைத்தால் ஆள் அப்படியே பாதைக்குள் போய் நிற்பார்), இவைதான் ஆளையும் வண்டியையும் பிரிக்கும். தடுப்பு போட இடம் இல்லை என்றால் நேரத்தால் பிரிக்கலாம். ரேக்கில் சரக்கு நிரப்பும் வேலை ஒரு நேரம், கையால் பிக்கிங் செய்வது வேறு நேரம், அந்த நேரத்தில் வரிசையின் வாயிலில் சங்கிலி. இதற்குத் திட்டம் போடுகிறவர் கொஞ்சம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வண்டிக்கு முன்னால் தரையில் விழும் நீல விளக்கு நல்லதுதான், ஆனால் பீப் பீப் சத்தத்தை நம்பாதீர்கள். பத்து வண்டி ஓடும் இடத்தில் நாள் முழுக்கக் கேட்கும் சத்தம் காதில் ஏறுவதே இல்லை.

நடந்து போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டிரைவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அவர் வண்டியை நிறுத்தி, ஃபோர்க்கைத் தரைக்கு இறக்கி, உங்கள் முகத்தைப் பார்த்துக் கைகாட்டிய பிறகு போங்கள். ஃபோர்க்கை ஏற்றி இறக்கும் மாஸ்ட் கம்பிகளுக்கும் லோடுக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு முன்னால் பாதி உலகம் மறைந்திருக்கும். வெயிலில் இருந்து இருட்டான குடோனுக்குள் நுழையும் முதல் சில நொடிகள் அவர் கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியாது, வாசலுக்கு உள்பக்கமாக நின்று பேசுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தூக்கிய ஃபோர்க்குக்குக் கீழே, காலியாக இருந்தாலும், ஒருபோதும் போகக்கூடாது.

டிரைவர்கள் அதிகம் சாவது வண்டி கவிழ்ந்துதான். அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 1980 முதல் 1994 வரை அந்த நாட்டில் ஃபோர்க்லிஃப்ட்டால் இறந்த 1,021 பேரின் பதிவுகளைப் பார்த்தது. அதில் 22 சதவீதம் வண்டி கவிழ்ந்து, 20 சதவீதம் நடந்து போனவர் மேல் வண்டி மோதி. பழைய கணக்குதான், ஆனால் நான் பார்த்த குடோன்களில் பயப்பட வேண்டிய விஷயங்களின் வரிசை இன்னும் அதேதான்.

எப்படிக் கவிழ்கிறது என்றால், முன்சக்கரம் இரண்டு, பின் அச்சின் நடுப்புள்ளி ஒன்று, இந்த மூன்றையும் இணைத்தால் வரும் முக்கோணத்துக்குள் வண்டி, பாரம் இரண்டும் சேர்ந்த எடைமையம் இருக்கும்வரை வண்டி நிற்கும். லோடைத் தூக்கத் தூக்க எடைமையம் மேலே போகும், அப்போது கொஞ்சம் திரும்பினாலும், தரை ஒரு பக்கம் சரிந்தாலும், அது முக்கோணத்தைவிட்டு வெளியே போய்விடும். அதனால்தான் ஓட்டும்போது ஃபோர்க் தரையில் இருந்து 15 சென்டிமீட்டர் அளவில், மாஸ்ட் பின்பக்கம் சாய்ந்து இருக்க வேண்டும் என்பது. சரிவில் லோடோடு போனால் ஏறும்போதும் இறங்கும்போதும் லோடு மேட்டுப் பக்கமே இருக்க வேண்டும், அதாவது இறங்கும்போது ரிவர்ஸில். காலி வண்டிக்கு இது தலைகீழ், ஃபோர்க் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். சரிவில் எந்தக் காரணத்துக்காகவும் வண்டியைத் திருப்பக்கூடாது. இன்னொரு விஷயம், காலி வண்டி கவிழாது என்று நினைக்கிறவர்கள் நிறைய. வேகமாக வளைத்தால் காலி வண்டி சுலபமாகக் கவிழும், பின்னால் உள்ள கனத்துக்கு ஈடாக முன்னால் எதுவும் இல்லாததால் எடைமையம் முக்கோணத்தின் குறுகின முனைப் பக்கமாகப் போயிருக்கும்.

கவிழும்போது குதிக்காதீர்கள். உடம்பு குதிக்கச் சொல்லும், அதைக் கேட்கக்கூடாது. குதித்தவர் விழும் இடத்தில்தான் தலைக்கு மேல் இருக்கும் இரும்புக் கூண்டு வந்து விழும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, காலை வண்டியின் தரைத்தகட்டில் ஊன்றி, வண்டி விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய வேண்டும். நின்றுகொண்டு ஓட்டும், பின்பக்கம் திறந்திருக்கும் ரீச் டிரக் வகைகளில் மட்டும் பின்பக்கமாக இறங்கிவிடச் சொல்வார்கள், உங்கள் வண்டிக்கு எது என்று அதன் கையேட்டில் இருக்கும், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து ஓட்டுகிறவர் இருக்கையிலேயே இருக்க வேண்டும் என்றால் பெல்ட் வேண்டும். பெல்ட் போடாத டிரைவர்களைத் திட்டித் திட்டி அலுத்துப்போன சூப்பர்வைசர்கள் நிறையபேர். நானும் ஒருநாள் நின்று பார்த்தேன், ஏன் போட மாட்டேன் என்கிறார்கள் என்று. ஒவ்வொரு பேலட்டுக்கும் டிரைவர் இறங்கி, லேபிளை ஸ்கேன் செய்து, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி. ஒரு ஷிஃப்டில் நூறு தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறவரிடம் ஒவ்வொரு தடவையும் பெல்ட் போடு என்றால் யார் போடுவார்? இருக்கையில் இருந்தே தூரத்து லேபிளைப் படிக்கும் ஸ்கேனர் வாங்கிக்கொடுத்தோம், டாக்கில் (லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் மேடையில்) சீட்டு எழுதும் வேலையை வேறு ஆளுக்கு மாற்றினோம். பெல்ட் தானாக ஏறியது. ஏறி இறங்குவது குறைந்ததில் முழங்கால் வலி, கணுக்கால் சுளுக்கு என்று வருவதும் குறைந்தது. குடோனில் இதெல்லாம் விபத்தைவிட அதிகமாக ஆட்களைத் தின்னும் காயங்கள், யாரும் பேசுவதில்லை.

வண்டி எவ்வளவு தூக்கும் என்று எழுதியிருக்கும் எடைத் தகட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2.5 டன் வண்டி என்றால் எதையும் 2.5 டன் வரை தூக்கலாம் என்பது தப்பான கணக்கு. ஃபோர்க்கின் நிமிர்ந்த முகத்தில் இருந்து சரக்கின் எடைமையம் 500 மில்லிமீட்டரில் இருந்தால், அதுவும் தகட்டில் போட்டிருக்கும் உயரம் வரைக்கும்தான் அந்த எடை. நீளமான சரக்கு, எடைமையம் 700 மில்லிமீட்டரில் இருந்தால் அதே வண்டி சுமார் 2 டன்னுக்கு இறங்கிவிடும். டிரம் பிடிக்கும் கிளாம்ப் மாதிரி எதையாவது முன்னால் மாட்டினால் இன்னும் குறையும், அதற்குத் தனித் தகடு வேண்டும். பின்சக்கரம் தரையைவிட்டு எழும்புகிறது என்று வண்டியின் பின்னால் இரண்டு பேரை ஏறி உட்காரச் சொல்வதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதை ஒரு சாமர்த்தியமாகவும் சொல்வார்கள். பின்சக்கரம் லேசானாலே ஸ்டியரிங் போய்விட்டது என்று அர்த்தம், ஏனென்றால் திரும்புவதே அதுதான். அங்கே உட்கார்ந்திருக்கிறவருக்குப் பிடித்துக்கொள்ளவும் எதுவும் இருக்காது.

ஃபோர்க்கும் தேயும். வளைகிற இடத்தில், அதாவது ஹீல் என்பார்களே, அங்கே பருமன் 10 சதவீதம் தேய்ந்தால் தாங்கும் சக்தி ஏறக்குறைய 20 சதவீதம் போய்விடும், அந்த ஃபோர்க்கை எடுத்துவிட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள், கண்ணால் பார்த்துத் தெரியாது.

டாக்கில் நடப்பது வேறு மாதிரி. ஃபோர்க்லிஃப்ட் டிரெய்லருக்குள் போய் வந்துகொண்டிருக்கும்போது லாரி டிரைவர், ஏற்றி முடித்துவிட்டார்கள் என்று நினைத்து வண்டியை எடுத்துவிடுவார். நான் பார்த்தபோது ஃபோர்க்லிஃப்ட்டின் முன்சக்கரம் டாக்குக்கும் லாரிக்கும் நடுவில் போடும் பலகையில் ஏறப்போக இன்னும் ஒரு முழம்தான் இருந்தது. பலகை கீழே விழுந்த சத்தத்துக்குக் குடோனே திரும்பிப் பார்த்தது. அந்த லாரி டிரைவர் முந்தின நாள் இரவில் இருந்து வரிசையில் காத்திருந்தவர், தாமதத்துக்கு அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள், யாரோ ஒருவர் "முடிஞ்சுது" என்று பக்கத்து லாரிக்குச் சொன்னது தனக்கு என்று கேட்டிருக்கிறது. சைகையையும் சத்தத்தையும் நம்பி நடக்கிற வேலையில் இது என்றைக்காவது நடந்தே தீரும். இதற்கு மிக எளிய வழி, லாரியின் சாவியை டாக் அலுவலகத்தில் வாங்கி ஆணியில் மாட்டிவிடுவது. லோடு முடிந்து கதவு மூடிய பிறகு கையில் கொடுப்பது. அதோடு சக்கரத்துக்குக் கட்டை, ஏனென்றால் ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போய்ப் பிரேக் போடும் ஒவ்வொரு தடவையும் டிரெய்லர் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரும், டாக்குக்கும் டிரெய்லருக்கும் நடுவில் இடைவெளி விழும். இழுக்கும் முன்வண்டியைக் கழற்றிவிட்டு டிரெய்லர் மட்டும் நின்றால் மூக்குப் பக்கம் தனியாக முட்டு கொடுக்காமல் உள்ளே போகவே கூடாது. 4 டன் வண்டி லோடோடு அந்த முனைக்குப் போனால் டிரெய்லரின் முன்கால் மடங்கலாம், டிரெய்லர் அப்படியே முன்னால் குப்புறச் சாயலாம். டிரெய்லரின் தரைப்பலகையை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வண்டியை ஏற்றுங்கள்.

ரேக். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். ரேக் ஒரே இடியில் விழுவதைவிட, பல மாதங்களாகப் பலபேர் தட்டிவிட்டுப் போன தூண் ஒருநாள் முழு லோடில் மடங்குவதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். ஒரு வரிசை விழுந்தால் அடுத்த வரிசையையும் இழுத்துக்கொண்டு போகும். பார்ப்பதற்குக் கஷ்டமான வித்தை எதுவும் தேவையில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான இரும்புச் சட்டத்தைத் தூணின் மேல் வைத்து, வளைந்த இடத்தில் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று அளப்பதுதான். ஐரோப்பாவின் ஈஎன் 15635 தரநிலையின்படி, குறுக்குச் சட்டம் ஓடும் திசையில், அதாவது வரிசையை ஒட்டி இடமோ வலமோ தூண் வளைந்திருந்தால் 5 மில்லிமீட்டர் வரை, முன்பின்னாக வளைந்திருந்தால் 3 மில்லிமீட்டர் வரைதான் விடலாம். அதைத் தாண்டினால் புதிதாகப் பாரம் ஏற்றக்கூடாது, சீக்கிரம் சரிசெய்ய வேண்டும். அதன் இரண்டு மடங்கையும் தாண்டினால் அந்தப் பகுதியை உடனே காலி செய்ய வேண்டும். 3 மில்லிமீட்டர் என்பது கிட்டத்தட்ட இரண்டு நாணயத்தின் தடிமன்தான். அதாவது கண்ணுக்கு "லேசா நசுங்கியிருக்கு" என்று தெரிகிற தூணே பல சமயம் எல்லையைத் தாண்டியிருக்கும். வளைந்த தூணைச் சூடுபடுத்தி நிமிர்த்துவது, மேலே தகடு வைத்துப் பற்றவைப்பது எல்லாம் வேண்டாம், ரேக் செய்தவரின் ஒப்புதல் இல்லாமல் எதையும் தொடக்கூடாது.

ஆனால் அளப்பதற்கு முன்னால் தூண் அடிபட்டது தெரிய வேண்டுமே. ஒரு குடோனில் ரேக்கைத் தட்டினால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அங்கே பதிவேட்டில் ரேக் சேதம் என்று ஒரு பதிவுகூட இல்லை, நிர்வாகத்துக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. அந்த இரும்புச் சட்டத்தை எடுத்துக்கொண்டு நடந்து பார்த்தபோது கீழ் மட்டத்தில் தூணுக்குத் தூண் அடி. சில இடங்களில் யாரோ பெயின்ட்கூட அடித்து மறைத்திருந்தார்கள். தண்டனை போட்டால் இடிப்பது குறையாது, சொல்வதுதான் நிற்கும். பிடித்தத்தை நிறுத்தி, "தட்டிவிட்டால் உடனே சொல்லுங்கள், சொன்னதற்காக யாருக்கும் ஒன்றும் ஆகாது" என்று எழுதி ஒட்டி, அதன்படி நடந்தும் காட்டிய பிறகு ஒரு வாரத்துக்குள் வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். எந்த முனையில் திரும்பத் திரும்ப அடி விழுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது, புதிதாக வாங்கியிருந்த வண்டி திரும்புவதற்கு அந்த வழியின் அகலம் போதவில்லை. வாசலில் "விபத்தில்லாத நாட்கள்" என்று எண் எழுதும் பலகைகூட இதே வேலையைச் செய்யும். எண் பெரிதாகப் பெரிதாக அதை உடைக்கிற ஆளாக யாரும் இருக்க விரும்ப மாட்டார்கள், விரல் நசுங்கியவன் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

மாஸ்டுக்கு நடுவில் கையை விடாதீர்கள். சுற்றின பிளாஸ்டிக் ஃபிலிம் சங்கிலியில் மாட்டிக்கொண்டது என்று இருக்கையில் இருந்தபடியே கையை நீட்டுவார்கள், முழங்கையோ தொடையோ லீவரில் பட்டால் மாஸ்ட் இறங்கும், அதன் குறுக்குச் சட்டங்கள் கையை வெட்டிவிடும். ஃபோர்க்கைத் தரைக்கு இறக்கி, அணைத்து, சாவியை எடுத்து, இறங்கி வந்து எடுங்கள். பேலட் மேல் ஆளை நிற்கவைத்துத் தூக்கி மேல் அடுக்கில் பெட்டி எடுக்கச் சொல்வதும் வேண்டவே வேண்டாம், அதற்கென்று கைப்பிடிக் கூண்டோடு, ஃபோர்க்கில் பூட்டிக்கொள்ளும் மேடை இருக்கிறது, ஆளைத் தூக்குவதற்கென்றே செய்த வண்டியும் இருக்கிறது.

எரிவாயு வண்டியை மூடின இடத்தில், அதிலும் குளிர்பதன அறையில் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணம் இல்லாதது, தலைவலி, குமட்டல் என்று இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னால் சாப்பாட்டைச் சந்தேகப்படாமல் முதலில் எல்லோரையும் வெளியே கொண்டுபோங்கள். பேட்டரி வண்டி என்றால் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கக் கூடியது, அங்கே காற்றோட்டம் வேண்டும், பீடி சிகரெட் கூடாது. அமிலம் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், கழுவும் இடம் சார்ஜ் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பயிற்சி பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஆபரேட்டரின் ஓட்டும் திறமையை மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபடி மதிப்பிட வேண்டும், விபத்தோ மயிரிழையில் தப்பியதோ நடந்தால் மறுபயிற்சியும் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி எங்கே எப்படி இருந்தாலும், வேறு இடத்தில் ஓட்டிப் பழகின ஆள் உங்கள் குடோனின் சரிவையும் குருட்டு முனைகளையும் அறிந்தவர் இல்லை. புதிதாக வந்தவரை முதலில் வண்டி இல்லாமல் நடக்கவைத்து இடத்தைக் காட்டுங்கள். எங்கள் இடத்தில் மூத்த டிரைவர் ஒருவர் புதுசாக வருகிறவனிடம், "தம்பி, இந்தத் தூணுகிட்ட வந்தா எனக்காக ஒரு தடவை நின்னு ஹாரன் அடி" என்று சொல்லி ஒவ்வொரு முனையாகக் கூட்டிப்போவார். எந்தச் சான்றிதழிலும் அது கிடைக்காது.

அடிபட்ட பிறகு என்ன செய்வது என்பதில் எனக்கு மிகவும் வேதனை தந்த விஷயம் ஒன்று இருக்கிறது, அந்தப் பாதத்தில் சக்கரம் ஏறின பையனுக்கு நடந்தது. முதல் எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரவில் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனது, விரலை லேசாக அசைத்தாலே அலறினான், பாதம் கல் மாதிரி இறுகியது, விரல் நுனி மரத்தது. மறுபடி கொண்டுபோனபோது வேறொரு மருத்துவர் பார்த்தவுடனே அறுவை அறைக்குக் கொண்டுபோனார். நசுங்கின தசை உள்ளே வீங்கி, அதைச் சுற்றி இருக்கும் உறை விரியாததால் ரத்த ஓட்டம் நின்றுபோகும் நிலைமை அது, கம்பார்ட்மென்ட் சின்ட்ரோம் என்பார்கள். சில மணி நேரம் தாமதித்தால் தசை செத்துவிடும். எலும்பு உடையாவிட்டாலும் வரும். நசுங்கின காயத்தில் வலி காயத்தின் அளவுக்குப் பொருந்தாமல் அதிகமாக இருந்தால், மாத்திரைக்கும் அடங்காவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், "வண்டிச் சக்கரம் ஏறியது" என்று அதே வார்த்தையில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆள் வண்டிக்கு அடியில் சிக்கியிருந்தால் பதற்றத்தில் கையும் ஓடாது காலும் ஓடாது, யாராவது இன்னொரு ஃபோர்க்லிஃப்ட்டைக் கொண்டுவந்து தூக்கப் பார்ப்பார்கள். வழுக்கினால் இரண்டாவது முறை விழும். அவசர உதவியை அழைத்து, வண்டியை அணைத்து, நகராமல் கட்டை கொடுத்து, ரத்தம் போகும் இடத்தைத் துணி வைத்து அழுத்திப் பிடியுங்கள். சிக்கின நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துவையுங்கள், நீண்ட நேரம் நசுங்கின கைகாலை விடுவிக்கும்போது தசையில் இருந்து ரத்தத்தில் கலக்கும் பொருட்களால் இதயமும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம் என்பதால் மருத்துவக் குழு அதைத்தான் முதலில் கேட்பார்கள். விரல் துண்டானால் ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள், விரல் நேராக ஐஸில் படக்கூடாது.

அப்புறம், அடிபட்டவரின் பக்கம் நிற்கிறவர்களுக்கு. வண்டியையும் பேலட்டையும் நகர்த்துவதற்கு முன்னால் இடத்தை நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள், நடைக்கோட்டின் மேல் என்ன இருந்தது, விளக்கு எரிந்ததா, ரேக் முனையில் கண்ணாடி இருந்ததா என்பது எல்லாம் தெரியும்படி. "சின்ன அடிதானே, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் அன்றைக்கே பதிவேட்டில் நேரத்தோடு எழுதவைத்து ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அடிபட்டவர் வலியிலோ மயக்கத்திலோ இருக்கும்போது எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்க விடாதீர்கள். காரணம் என்று ஒரு பெட்டி இருக்கும் படிவத்தில், அதில் ஒரு டிரைவரின் பெயர் மட்டும் எழுதப்பட்டிருந்தால், போட்டோக்களைக் காட்டி, அந்த வழியில் ஏன் அந்த நேரத்தில் ஆளும் வண்டியும் சேர்ந்து இருக்க வேண்டி வந்தது என்று கேளுங்கள், பதிலையும் அதே படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.